இருசப்பன் பழக்கிய ராத்திரி நாய்

வீட்டைவிட்டு எங்கே புறப்பட்டாலும் இருசப்பன் முதலில் குனிவார். வலது கையின் மூன்று விரலால் தரையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளுவார். ஈரமாக இருந்தால் உதறிவிட்டு வேறு இடத்தில் கிள்ளுவார். கட்டைவிரலால் அதைத் தேய்த்துத் தேய்த்து மாவாக்கி, கையை இடுப்பு உயரத்துக்கு நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். மண் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். பிறகு விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு நடப்பார். ரேஷன் கடைக்குப் போனாலும் அப்படித்தான், சாவு வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். சின்னசேலம் ரயில் நிலையத்தில் ஒருமுறை மண் கிடைக்காமல், பிளாட்பாரத்து ஓரத்தில் சிமெண்டு பெயர்ந்திருந்த பள்ளத்தில் விரலை விட்டுத் துழாவினார். பக்கத்தில் நின்ற ஒரு பெண், அவர் காசைத் தொலைத்துவிட்டார் என்று நினைத்து, அவளும் குனிந்து தேடினாள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிய வேண்டுமாம். நம்முடைய வாடை முயலுக்குப் போகாத பக்கமாக நடக்க வேண்டுமாம். எனக்கு விவரம் தெரிந்து நான் இதைக் கவனித்த காலத்தில் அவர் முயல் வேட்டையை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. நாயும் இல்லை.

நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. கரும்பு வெட்டுவது, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது, யார் கூப்பிட்டாலும் போய்ச் செய்கிற கூலி வேலை. மனைவி பெயர் செல்லியம்மாள். செல்லியம்மாளின் தம்பி கொளஞ்சியப்பன் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்தார். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. அந்தக் காலைப் பற்றி மச்சானிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருசப்பனிடம் இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும், சாவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த விஷயம் ஒரு நாயிலிருந்து தொடங்குகிறது.

ராத்திரி வேட்டைக்குப் போகிற நாய் குரைக்கக் கூடாது. பகலில் புதரைக் கலைக்கிற நாய் எப்படியும் கத்தலாம். ராத்திரி நெத்தி லைட்டைக் கட்டிக்கொண்டு, அறுத்த கொல்லையில் வரப்பு வரப்பாக நடக்கும்போது நாய் ஒரு தரம் வாயைத் திறந்தால் போதும், அரை மைலுக்கு முயல் இருக்காது. கொல்லைக்காரனும் எழுந்துவிடுவான். இருசப்பனிடம் அதற்கு முன்னால் இருந்த நாய் அப்படிக் குரைத்து, ஃபாரஸ்ட்காரர்கள் வந்து அவரையும் கூடப் போன ராஜாங்கத்தையும் பிடித்துப்போய் இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டார்கள். ராஜாங்கம் அதை விடவே இல்லை. டீக்கடையில் இருசப்பனைக் கண்டால் போதும்.

"இன்னாடா, உன் நாயி கவர்மெண்டு உத்தியோகம் பாத்துதே, ரிட்டையர் ஆயிடுச்சா? பென்சன் வருதா?"

கடையே சிரிக்கும். இருசப்பனும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிட மாட்டாராம்.

அந்த ரோஷத்தில்தான் அவர் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினார். மலையில் சின்னக்கண்ணு என்று ஒருவர், சாமையும் தினையும் போடுகிறவர், இருசப்பனோடு கரும்பு வெட்டக் கீழே வந்து பழகியவர். அவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. ஒரு புது மம்புட்டியைக் கொடுத்துவிட்டு இருசப்பன் ஒரு செவலைப் பெட்டைக்குட்டியைத் தூக்கினார்.

"இதுக்குக் கொரலு ஜாஸ்தி. இது அம்மா குலைச்சா பன்னி பரணுக்குக் கிட்டவே வராது" என்றார் சின்னக்கண்ணு.

"கொரலு வாணாம். மூக்குதான் வேணும் எனக்கு. குலைக்காம பழக்கப் போறேன்."

"குலைக்காத நாய வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"முயலு புடிப்பேன்."

"அந்த வித்தைய மொதல்ல உம் பொண்டாட்டிக்குப் பழக்குப்பா. நாய அப்புறம் பாக்கலாம்."

மலையில் நாய் வைத்திருப்பது குரைப்பதற்காக. ராத்திரி பரண் மேல் ஆள் தூங்கினாலும் நாய் தூங்காமல் கத்த வேண்டும். பன்றி பயிரில் இறங்காது. கீழே இருசப்பனுக்கு வேண்டியது நேர் எதிர். குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் அது குரைத்ததாம். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். அப்போதே அதன் வாயை உள்ளங்கையால் மூடத் தொடங்கிவிட்டார்.

அடிப்பதில்லை. அதில் அவருக்குப் பெருமை. குட்டி குரைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து மேல்வாயையும் கீழ்வாயையும் சேர்த்துப் பிடித்து, மூக்கில் மெதுவாக ஒரு ஊது ஊதுவார். நாய்க்கு மூக்கில் ஊதினால் பிடிக்காது. தும்மும். திரும்பக் குரைத்தால் திரும்பவும் ஊதுவார். கோபமே இல்லாமல் ஒரு நாளைக்கு நூறு தரம். தெருநாய்களெல்லாம் ஒன்றாகக் கத்துகிற நேரம் பார்த்து செவலையைக் கூட்டிப்போய் நடுத்தெருவில் உட்கார வைத்துக்கொள்வார். தீபாவளிக்கு வெடிச்சத்தம் ஓய்கிறவரை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். செல்லியம்மாள், "பெத்த புள்ளைய இப்படி வெச்சிருந்தா அது கலெக்டராயிருக்கும்" என்றாளாம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவளே அதைச் சொல்லிச் சிரித்தாள் என்று அம்மா சொல்வாள்.

இருட்டினால்தான் சோறு. அதுவும் வீட்டில் இல்லை. முயல்தோலைக் கயிற்றில் கட்டி வரப்பின் மேல் இழுத்துக்கொண்டு போய், எங்கேயாவது வளைத்து, கடைசியில் ஒரு புதரடியில் சோற்றுருண்டையை வைத்துவிட்டு வருவார். பிறகு நாயை விடுவார். வாடையைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தால் சோறு. வழியில் எலியைத் துரத்தினாலும் பூனையைத் துரத்தினாலும் அன்றைக்கு அரை வயிறு. வெளிச்சத்துக்கு முன்னால் ஓடக் கூடாது, இடது முழங்காலுக்குப் பின்னாலேயே வர வேண்டும். வாடை கிடைத்தால் நின்று அவர் காலில் சாய வேண்டும். அவ்வளவுதான் அது பேச வேண்டிய பேச்சு. எட்டு மாதத்தில் செவலை அதைக் கற்றுக்கொண்டது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஊர் நாயெல்லாம் பிச்சைக்காரனைப் பார்த்துக் குரைக்கும்போது, செவலை மட்டும் எழுந்து நின்று வாலை நேராக வைத்துக்கொண்டு பார்க்கும். வாய் லேசாகத் துடிக்கும். சத்தம் வராது.

"திருடன் வந்தா கையப் புடிச்சி உள்ள கூட்டியாந்து உக்கார வெக்குமாடா?" என்று ராஜாங்கம் கேட்டான்.

"எங்க வூட்டுல திருட இன்னா கீது? வந்தவன்தான் எதனா குடுத்துட்டுப் போவணும்."

"செரி, மார்கழில ஒரு நாளைக்கு நானும் வரேன். பாக்கலாம் உன் ஊமச்சிய."

அப்படித்தான் அந்த மார்கழி ராத்திரி இரண்டு பேரும் போனார்கள். 1998. நாராயணசாமி என்கிற விவசாயியின் கொல்லைப் பக்கம். மக்காச்சோளம் அறுத்த நிலம். தட்டைக்குள் முயல் படுக்கும். கொளஞ்சியப்பனுக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். நாராயணசாமியின் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. விவசாயத்துக்கு மும்முனைக் கரண்டு ராத்திரிதான் விடுவார்கள். பதினோரு மணிக்கு வந்தால், ஆள் போய் மோட்டாரைப் போட்டு, விடிகிறவரை தண்ணீர் கட்ட வேண்டும்.

அன்றும் பதினோரு மணிக்குக் கரண்டு வந்தது. சுற்றிலும் மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. நாராயணசாமியின் மோட்டார் மட்டும் ஓடவில்லை. இருசப்பன் அதைக் கவனித்தார். இதை என்னிடம் சொல்லும்போது, "கவனிச்சேன் தம்பி, கவனிக்காம இல்ல" என்று இரண்டு தரம் சொன்னார்.

"மச்சான் தூங்கிட்டான் போல" என்றார் ராஜாங்கத்திடம்.

"தூங்கிட்டானா? புதுப் பொண்டாட்டி. குளுரு வேற. நீ மோட்டாரப் பத்திப் பேசற."

சிரித்துக்கொண்டே நடந்தார்கள். கிணற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் செவலை நின்றது. இருசப்பனின் காலில் சாய்ந்தது. அவர் லைட்டைச் சுழற்றினார். முயலின் கண் எங்கும் மின்னவில்லை. காற்று கிணற்றுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. செவலை, பழக்கியதற்கு மாறாக, அவர் முழங்காலைத் தாண்டி முன்னால் போனது. கிணற்று விளிம்பில் போய் நின்றது. எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்குச் சுவர் கிடையாது. பாறையை உடைத்து இறக்கிய பெரிய சதுரப் பள்ளம், ஒரு பக்கம் படி, அவ்வளவுதான். அங்கே நின்றுகொண்டு செவலை குரைத்தது.

மலையில் கேட்ட அதே குரல். எட்டு மாதமாக உள்ளே போட்டு மூடி வைத்திருந்தது அப்படியே வந்தது. இரண்டு தரம்.

ராஜாங்கம் வரப்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். "வந்துடுச்சிடா கவர்மெண்டு! டேய், ஓடுடா, ஃபாரஸ்டு வருவான்!"

இருசப்பனுக்குக் காது அடைத்துவிட்டது. ஓடிப்போய்ச் செவலையின் வாயைப் பிடித்தார். ஊதினார். அது தும்மிவிட்டு, தலையை உதறி, இன்னொரு தரம் குரைத்தது. "சீ, வாய மூடு! மூடுன்றேன்ல!" என்று கத்தினார். அது கிணற்றைப் பார்த்து மறுபடியும் குரைத்தது. கையிலிருந்த தடியால் அதன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். அவர் அதை அடித்தது அந்த ஒரு முறைதான். துண்டை அவிழ்த்து வாயைச் சுற்றிக் கட்டி, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். லைட்டு நெற்றியில்தான் இருந்தது. தலையைக் கொஞ்சம் குனிந்திருந்தால் வெளிச்சம் கிணற்றுக்குள் விழுந்திருக்கும்.

"பாம்பு எதனா இருக்கும்னு நெனச்சேன். அதுகூட நெனச்சேனா இல்லியான்னு இப்ப தெரியல. அவன் சிரிப்புதான் காதுல இருந்துது" என்றார்.

விடிந்து நாராயணசாமியின் மனைவி லட்சுமியம்மாள், பயிருக்குத் தண்ணீர் பாயவில்லையே என்று வந்து பார்த்தபோது கிணற்றோரம் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கொளஞ்சியப்பன் மோட்டார் போடப் போனவர், பனியில் வழுக்கி விழுந்திருக்கிறார். கீழே போகிற இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இடது கால் சிக்கி, மார்கழித் தண்ணீரில் மார்பளவு நின்றிருக்கிறார். கயிற்றுக் கட்டிலை இறக்கித் தூக்கியவர்களில் இருசப்பனும் ஒருவர். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சேலத்துக்குக் கொண்டுபோய், மூன்றாம் நாள் அந்தக் காலை வெட்டி எடுத்தார்கள். ராத்திரியே கொண்டு வந்திருந்தால் காலை வைத்திருக்கலாம் என்று டாக்டர் செல்லியம்மாளிடம் சொன்னார்.

அவள் அதை வீட்டுக்கு வந்து சொன்னாள். தெருவில் சொன்னாள். ஒவ்வொரு மார்கழியிலும் சொன்னாள். சோறு போடும்போது, எந்தப் பேச்சும் இல்லாமல், திடீரென்று இருசப்பனிடம் சொல்வாள்: "ராத்திரியே கொண்டாந்திருந்தா வெச்சிருக்கலாமாம்." அவர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

இரண்டு பேரும் அந்தக் கொல்லைப் பக்கம் போனது ஊருக்குத் தெரியும். "உன் நாயி அங்கதானேடா இருந்துது? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா அது?" என்று கேட்டார்கள். இருசப்பன், "அதான் குலைக்காத நாயாச்சே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். அதற்கப்புறம் ஊர் நாயைத் திட்டத் தொடங்கியது. மனுஷன் செத்துக்கொண்டிருக்கும்போதும் வாயைத் திறக்காத சனியன் என்றார்கள். செவலை தெருவில் போனால் கல் விழுந்தது. அதுவும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் படுத்தது. ராஜாங்கம் பொங்கல் கழிந்து குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். போகுமுன் வந்து, "நான் யாராண்டயும் சொல்லல. நீ சொல்றதுன்னா சொல்லிக்க" என்றானாம். திரும்பி வரவேயில்லை.

மாசி மாதம் இருசப்பன் செவலையை வெள்ளிமலைக்கே கொண்டுபோனார். சின்னக்கண்ணு அதன் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கெடுத்துட்டியா? குலைக்குமா இது?" என்று கேட்டார்.

"குலைக்கும். நல்லாவே குலைக்கும்."

பஸ் வளைவில் திரும்பும்வரை அது சாலையிலேயே நின்றது என்றார் இருசப்பன். குரைத்ததா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இருசப்பன் செய்ததெல்லாம் மச்சானுக்குச் செய்ததுதான். பெட்டிக்கடைக்குப் பலகை அறுத்துப் போட்டார். சின்னசேலத்திலிருந்து சரக்கு வாங்கி வந்தார். காலையில் கடையைத் திறப்பதும் ராத்திரி மூடுவதும் அவர்தான். கொளஞ்சியப்பனின் மனைவி குஞ்சம்மாள்கூட, "அண்ணன் பண்றதப் பாத்தா நான் வூட்டுல படுத்துத் தூங்கலாம் போல" என்பாள். கொளஞ்சியப்பன் சுபாவமாகவே கேலிக்காரர்.

"மாமா, உனக்கு வயசாவுது. என்னத் தூக்கிகினு திரியறதுக்கு நீ இன்னா என் பொண்டாட்டியா?"

"மச்சான்…"

"சொல்லு மாமா."

"ஒண்ணுமில்ல. வெத்தலை குடு."

இதை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். சாமான் வாங்க நிற்கும்போது, பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது. மச்சான் என்பார். சொல்லு மாமா என்பார் இவர். ஒண்ணுமில்ல என்பார் அவர். வெத்தலை கைமாறும். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை.

2015இல் அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. நான் சேலத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போகிற பொறுப்பு எனக்கு வந்தது. அந்த ரயில் பயணங்களில் ஒன்றில்தான், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இதையெல்லாம் சொன்னார். நாலு ஸ்டேஷன் தாண்டும்வரை சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "நீ படிச்சவன். கம்மியா பேசறவன். நீ சொன்னா பதமா சொல்லுவ. என்னால ஆவல. நீ மச்சானாண்ட சொல்லிடு தம்பி" என்றார்.

"நீங்களே சொல்லுங்க பெரீப்பா. அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

"நெனைக்க மாட்டான்னுதான் பயமே."

சரி என்றேன்.

கடைக்குப் போனேன். கொளஞ்சியப்பன், "இன்னா தம்பி வேணும்?" என்றார். ஷாம்பு பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் தீப்பெட்டி. இன்னொரு நாள், எங்கள் வீட்டில் யாரும் போடாத பாக்கு. எதிர் வாசலில் இருசப்பன் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி வரும்போது என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். பரவாயில்லை என்பதுபோல அவரும் தலையாட்டுவார். பத்து மாதம் இது நடந்தது. ஒரு வாக்கியத்தை மனசுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். எதை முதலில் சொல்வது, நாயையா, கிணற்றையா என்றுகூட முடிவு செய்ய முடியவில்லை. நல்ல வாக்கியம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. அவருக்கு வேண்டியிருந்தது வாக்கியம் இல்லை, யாராவது போய் வாயைத் திறப்பது.

2016 ஆடியில் ஒரு காலையில் கடைப் பலகையைத் தூக்கிவைக்கும்போதே இருசப்பன் கீழே உட்கார்ந்தார். எழவில்லை. கொளஞ்சியப்பன் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு சுடுகாடு வரைக்கும் நடந்தே வந்தார். ஆட்டோவில் ஏறச் சொன்னதற்கு ஏறவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியப்பன் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பிறகு, எப்படித் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது, சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நாய் குலைச்சுதாம் அண்ணே. பெரீப்பாதான் அடிச்சுத் தூக்கிட்டு வந்துட்டாராம். உங்களாண்ட சொல்லச் சொல்லி பத்து மாசத்துக்கு முன்னாடியே என்கிட்ட சொன்னாரு. நான்தான் சொல்லல."

அவர் கட்டையின் ரப்பர் முனையைத் தரையில் திருகிக்கொண்டிருந்தார்.

"நாலு தரம் குலைச்சுது" என்றார். "தண்ணிக்குள்ள நின்னுகினு எண்ணிகினு இருந்தேன். நானும் கத்துனேன். மூணு பக்கமும் மோட்டாரு ஓடுது, எங்க கேக்கும்? அடி உழுந்த சத்தம் கேட்டுது. வாய மூடுன்னு அதட்டுனதும் கேட்டுது. எங்க மாமா கொரலு எனக்குத் தெரியாதா தம்பி?"

வீட்டுக்குள் செல்லியம்மாள் யாருக்கோ சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சேலத்துல கண்ணு முழிச்ச அன்னிக்கே அக்காளாண்ட சொல்லிட்டேன். நீ கேக்காத, உங்க மாமாவா வாயத் தொறந்து சொல்லட்டும்னு அக்கா சொல்லுச்சு. அதுவரைக்கும் நானும் கேக்க மாட்டேன்னுச்சு."